நிலம் வேறு, பட்டா வேறு: கம்ப்யூட்டர் நம் ஃபைல்களை எப்படி வைத்திருக்கிறது?

போன தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். வீடியோக்காரர் எடிட் செய்து கொடுத்த படம் ஒரே ஃபைலாக 6 ஜிபி இருந்தது. அதை டிவியில் போட்டுப் பார்ப்பதற்காக சித்தப்பா புதிதாக ஒரு 32 ஜிபி பென் டிரைவ் வாங்கி வந்தார். லேப்டாப்பில் செருகி ஃபைலை இழுத்துப் போட்டால் ஏறவில்லை. ஃபைல் மிகப் பெரியது என்று ஒரு செய்தி வந்தது.

"உள்ள ஒண்ணுமே இல்லடா, முழுசும் காலின்னுதான் காட்டுது. 6 ஜிபி ஏறலைன்னா எப்படி? டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டாங்களா?" என்று போனில் கேட்டார்.

பென் டிரைவில் குறை ஒன்றும் இல்லை. திரையில் வந்த செய்தியை முழுசாகப் படித்தால் "சேரும் இடத்தின் ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த ஃபைல் மிகப் பெரியது" என்றுதான் இருக்கும். அதில் 'ஃபைல் சிஸ்டம்' என்ற சொல்லைப் பெரும்பாலோர் படிக்காமலே தாண்டிவிடுகிறோம். தமிழில் கோப்பு முறைமை என்கிறார்கள். கம்ப்யூட்டரில் நாம் அன்றாடம் படும் பல குழப்பங்களுக்கு விடை இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அழித்த போட்டோ எப்படித் திரும்ப வருகிறது? 1 டிபி டிஸ்க் ஏன் 931 என்று காட்டுகிறது? பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கினால் ஏன் கெட்டுப்போகிறது? இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் தேவையில்லை.

டிஸ்க்குக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது

முதலில் மனதில் பதிய வேண்டியது இதுதான். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், கேமரா கார்டு எதுவாக இருந்தாலும் சரி, அதற்கு 'கல்யாண வீடியோ' என்றோ 'ஆதார் நகல்' என்றோ எதுவும் தெரியாது. ஃபோல்டரும் தெரியாது. அது அறிந்ததெல்லாம் வரிசையாக எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் செக்டர். நெடுங்காலமாக ஒரு செக்டர் என்பது 512 பைட். புதிய ஹார்ட் டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் கட்டங்களைப் பயன்படுத்தினாலும், பல டிஸ்க்குகள் வெளியே இன்னும் 512 கணக்கையே காட்டுகின்றன. 1 டிபி டிஸ்க்கில் அப்படிச் சுமார் 195 கோடி கட்டங்கள் இருக்கும்.

'48,210-ஆம் கட்டத்தில் இருப்பதைக் கொடு' என்று கேட்டால் கொடுக்கும். 'இந்த 512 பைட்டை 48,211-இல் எழுது' என்றால் எழுதும். அதற்கு மேல் டிஸ்க்கிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது. எந்தக் கட்டம் யாருடையது, எது காலி, ஒரு வீடியோவின் முதல் துண்டு எங்கே, அடுத்த துண்டு எங்கே என்ற கணக்கை வேறு யாராவது வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கும் அதே டிஸ்க்கிலேயே வேறு சில கட்டங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கையும், அதை எழுதும் முறையையும் சேர்த்துத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறோம்.

நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. நிலம் வேறு, பட்டா வேறு. வயல் அதுபாட்டுக்கு இருந்த இடத்திலேயே கிடக்கிறது. அது எந்த சர்வே எண், யார் பெயரில், எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் பெயரை மாற்றினால் வயலில் ஒரு பிடி மண்கூட அசைவதில்லை, ஆனால் வயல் கை மாறிவிட்டது. டிஸ்க்கில் இருக்கும் தரவு நிலம். ஃபைல் சிஸ்டம் பதிவேடு. இனி வருவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து வருவதுதான்.

ஒரு போட்டோ உள்ளே போகும் வழி

பதிவேடு எப்படி இருக்கும் என்று பார்க்க, இருப்பதிலேயே எளிதான ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் எஃப்ஏடி, வாயால் சொல்லும்போது 'ஃபேட்'. 1977-இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் ஃபிளாப்பி டிஸ்க்குகளுக்காக உருவாக்கியது. அது வளர்ந்து வளர்ந்து 1996-இல் எஃப்ஏடி32 ஆனது. சித்தப்பா வாங்கிய 32 ஜிபி பென் டிரைவில் கடையிலிருந்து வரும்போதே இருந்தது இதுதான். இவ்வளவு பழையது இன்றும் கோடிக்கணக்கான பென் டிரைவ்களில் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் எளிமைதான். கேமரா, டிவி, கார் ஸ்டீரியோ, பிரின்டர் என்று எல்லாவற்றுக்கும் அதைப் படிக்கத் தெரியும்.

கோடிக்கணக்கான செக்டர்களை ஒவ்வொன்றாகக் கணக்கு வைப்பது பெரும் பாடு. அதனால் ஃபைல் சிஸ்டம் பல செக்டர்களைச் சேர்த்து ஒரு கட்டாக வைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுக்குப் பெயர் கிளஸ்டர். 32 ஜிபி பென் டிரைவை விண்டோஸில் எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்தால் வழக்கமாக ஒரு கிளஸ்டர் 16 கேபி இருக்கும், அதாவது 32 செக்டர்.

இப்போது 40 கேபி அளவுள்ள ஒரு போட்டோவை அதில் போடுகிறோம். 16 கேபி வீதம் மூன்று கிளஸ்டர் வேண்டும். பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறது கம்ப்யூட்டர். 7 காலி, 8 காலி, 9 முதல் 14 வரை வேறொரு பாட்டு உட்கார்ந்திருக்கிறது, 15 காலி. சரி, 7, 8, 15 ஆகிய மூன்றிலும் போட்டோவைப் பிரித்து வைத்துவிடுகிறது.

இப்போது இதை இரண்டு இடத்தில் எழுதியாக வேண்டும். முதலாவது, ஃபோல்டருக்குள் ஒரு வரி: 'இந்தப் பெயர், இந்தத் தேதி, 40,960 பைட், தொடக்கம் 7'. எஃப்ஏடியில் இந்த வரி சரியாக 32 பைட் நீளம். இரண்டாவது, ஒவ்வொரு கிளஸ்டருக்கும் ஓர் இடம் ஒதுக்கிய நீண்ட அட்டவணை. அதில் 7-க்கு எதிரே 8 என்று எழுதுகிறது. 8-க்கு எதிரே 15. 15-க்கு எதிரே 'முடிந்தது' என்று ஒரு குறி. காலியாக இருக்கும் கிளஸ்டர்களுக்கு எதிரே பூஜ்யம். போட்டோவைத் திறக்கும்போது ஃபோல்டரைப் பார்த்து 7-க்குப் போய், அட்டவணை காட்டும் வழியில் 8-க்கும் 15-க்கும் போய், மூன்றையும் ஒட்டித் திரையில் காட்டுகிறது. முழு அமைப்புக்குமே பெயர் இந்த அட்டவணையிலிருந்து வந்ததுதான்: எஃப்ஏடி என்றால் ஃபைல் அலோகேஷன் டேபிள், ஃபைல்களுக்கு இடம் ஒதுக்கும் அட்டவணை. அட்டவணை கெட்டால் எல்லாம் போய்விடும் என்பதால் பொதுவாக அதன் இரண்டு பிரதிகள் டிஸ்க்கில் இருக்கும்.

ஃபோல்டரைத் திரையில் மஞ்சள் பெட்டியாகப் பார்த்துப் பழகிவிட்டதால் அது நிஜமாகவே ஃபைல்களை உள்ளே அடைத்து வைத்திருக்கும் பெட்டி என்று நினைத்துவிடுகிறோம். ஃபோல்டரும் ஒரு ஃபைல்தான். அதன் உள்ளடக்கம் மேலே சொன்ன வரிகளின் பட்டியல், அவ்வளவே. இது புரிந்தால் இன்னொரு புதிர் தானாக விடுபடும். 6 ஜிபி வீடியோவை ஒரு ஃபோல்டரிலிருந்து அதே டிரைவின் இன்னொரு ஃபோல்டருக்கு மாற்றினால் கண் இமைப்பதற்குள் முடிகிறது. அதையே லேப்டாப்பிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றினால் பல நிமிடங்கள். முதலாவதில் ஒரு பட்டியலிலிருந்து ஒரு வரி இன்னொரு பட்டியலுக்குப் போகிறது, பட்டா பெயர் மாற்றம் மாதிரி. இரண்டாவதில் மண்ணையே வெட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாவது கிளஸ்டரைக் கவனித்தீர்களா? 40 கேபியில் 32 போக மீதி 8 கேபிதான். ஆனால் 16 கேபி முழுசையும் அது பிடித்துக்கொண்டது. மீதி 8 கேபியை வேறு எந்த ஃபைலுக்கும் கொடுக்க முடியாது. விண்டோஸில் ஒரு ஃபைலின் விவரங்களைப் பார்க்கும்போது 'அளவு' என்று ஓர் எண்ணும் 'டிஸ்க்கில் பிடிக்கும் அளவு' என்று இன்னோர் எண்ணும் வருவது இதனால்தான். ஒன்றிரண்டு ஃபைலுக்கு இது பெரிதில்லை. ஆனால் 64 ஜிபி கார்டில், ஒரு கிளஸ்டர் 128 கேபி என்று இருக்கும் அமைப்பில், 1 கேபி அளவுள்ள ஆயிரம் சின்ன ஃபைல்களைப் போட்டுப் பாருங்கள். எழுத்து மொத்தம் 1 எம்பிதான் இருக்கும். பிடிக்கும் இடமோ 125 எம்பி.

6 ஜிபி ஏன் ஏறவில்லை

ஃபோல்டரில் எழுதும் அந்த 32 பைட் வரியில் ஃபைலின் அளவைக் குறிக்க ஒதுக்கியது 4 பைட். நாலு பைட்டில் எழுத முடிகிற மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. பென் டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும், அதைவிடப் பெரிய ஒரே ஃபைலின் அளவை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. மனையில் இடம் இருக்கிறது, படிவத்தில் இடம் இல்லை.

இதை அமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதன் ஃபிளாப்பியில் மொத்தம் 160 கேபிதான் கொள்ளும். 4 ஜிபி என்பது அப்படிப்பட்ட 26 ஆயிரம் ஃபிளாப்பிகள். ஒரே ஃபைல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

இந்தத் தடையை நீக்கத்தான் 2006-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. அடிப்படை யோசனை அதேதான், ஆனால் அளவை எழுத 8 பைட். இனி எந்த வீடியோவும் முட்டாது. 64 ஜிபியிலிருந்து தொடங்கும் மெமரி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டில்தான் வரும். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக் குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலிலும் அது சேர்ந்துவிட்டது.

அழித்தால் என்ன ஆகிறது

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் பகுதி இதுதான், ஏனென்றால் தெரியாமல் இருந்தால் இழப்பு பெரிது.

எஃப்ஏடியில் ஒரு போட்டோவை அழிக்கும்போது கம்ப்யூட்டர் போட்டோவைத் தொடுவதே இல்லை. ஃபோல்டரில் இருக்கும் அந்த வரியின் முதல் எழுத்தை மட்டும் 'அழிக்கப்பட்டது' என்ற குறியாக மாற்றுகிறது. அட்டவணையில் 7, 8, 15 ஆகியவற்றுக்கு எதிரே பூஜ்யம் எழுதுகிறது. முடிந்தது வேலை. 6 ஜிபி ஃபைலை எழுதப் பல நிமிடம் ஆகும், அழிக்க ஒரு நொடிதான் ஆகும். அந்த மூன்று கிளஸ்டர்களிலும் போட்டோவின் ஒவ்வொரு பைட்டும் அப்படியே இருக்கிறது. பட்டாதான் ரத்தாகியிருக்கிறது. பயிர் வயலில் நிற்கிறது.

1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5 என்ற மைக்ரோசாஃப்டின் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் அழித்ததை மீட்க ஒரு கட்டளை இருந்தது. மீட்கும்போது அது நம்மிடமே 'ஃபைல் பெயரின் முதல் எழுத்து என்ன?' என்று கேட்கும். அந்த ஓர் எழுத்துதான் அழிந்திருக்கிறது, மற்றதெல்லாம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆக, கேமரா கார்டில் தெரியாமல் படங்களை அழித்துவிட்டால் செய்ய வேண்டிய முதல் காரியம், எதையும் செய்யாமல் இருப்பது. உடனே கார்டைக் கழற்றிவிடுங்கள். இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். காலி என்று குறிக்கப்பட்ட இடத்தில்தான் அடுத்த படம் போய் உட்காரும், அது உங்கள் பழைய படத்தின் மேலேயே உட்காரலாம். அப்படி உட்கார்ந்த பிறகு எந்தக் கடைக்காரரும் எந்த மென்பொருளும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது பதிவேட்டை நம்பாமல் நிலத்தையே ஒவ்வொரு கட்டமாகத் தோண்டிப் பார்க்கும். ஜேபெக் படங்கள் எல்லாமே எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டில்தான் தொடங்கும். அதைக் கண்ட இடத்திலிருந்து ஒரு படம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். பெயர்கள் போய்விடும், ஆனால் படம் கிடைக்கும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் சேமிக்க வேண்டும், இதில் தவறினால் மீட்டதே மீதியை அழித்துவிடும்.

ரீசைக்கிள் பின் கதை வேறு. அங்கே பதிவேட்டில்கூட அழிப்பது இல்லை, மறைவான ஒரு ஃபோல்டருக்கு வரியை மாற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் விண்டோஸில் பென் டிரைவிலிருந்து அழித்தவை வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. இதை அறியாமல் அங்கே தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்எஸ்டி விஷயத்தில் இந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்டியில் இருப்பது ஃபிளாஷ் சிப்புகள். அவற்றில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேராக எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத் துடைத்த பிறகுதான் எழுத முடியும். துடைக்க நேரம் பிடிக்கும். அதனால் ஃபைலை அழித்ததுமே 'இந்தக் கட்டங்கள் இனி வேண்டாம்' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. இதற்கு டிரிம் என்று பெயர், 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இருக்கிறது. எஸ்எஸ்டி சும்மா இருக்கும் நேரத்தில் அந்த இடங்களைத் துடைத்து வைத்துக்கொள்ளும். பட்டா ரத்தான கையோடு நிலத்தையும் உழுதுவிடுகிறார்கள். லேப்டாப்பில் எஸ்எஸ்டி இருந்தால், முழுசாக அழித்த ஃபைல் திரும்பக் கிடைப்பது அபூர்வம்.

ஃபார்மட் செய்வதும் இதே கதைதான். 'குவிக் ஃபார்மட்' என்பது புதிதாக ஒரு வெற்றுப் பதிவேட்டை எழுதுவது மட்டுமே. பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது இதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டும் குழந்தைகளின் படங்களும் உள்ளேயே இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்புகளிலும் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதும். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

துண்டு துண்டாகக் கிடந்தால்

நம் போட்டோ 7, 8, 15 என்று பிரிந்து கிடந்தது. டிஸ்க் நிரம்ப நிரம்ப, அழித்து அழித்து எழுத எழுத, ஒரு பெரிய ஃபைல் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிவிடும். ஹார்ட் டிஸ்க்கில் இது வலிக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. 7200 என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். படிக்கும் முனை சரியான வட்டத்துக்கு நகர்ந்து, வேண்டிய கட்டம் சுற்றி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாகப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். ஆயிரம் துண்டு என்றால் காத்திருப்புக்கே பத்து நொடிக்கு மேல். சிதறியதை ஒன்றுசேர்க்கும் வேலைக்குத்தான் டீஃபிராக் என்று பெயர்.

எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. துண்டு எங்கே கிடந்தாலும் ஏறக்குறைய அதே வேகம். ஃபிளாஷ் சிப் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கொஞ்சம் தேய்கிறது என்பதால் அதில் டீஃபிராக் செய்வது பயன் இல்லாத தேய்மானம்தான். விண்டோஸ் இதை அறிந்து எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் டிரிம் மட்டும் செய்கிறது, நாம் தலையிட வேண்டியதில்லை.

பாதியில் கரண்ட் போனால்

போட்டோவைச் சேமிக்கும்போது இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்று பார்த்தோம். ஒன்றை எழுதி முடித்து மற்றதை எழுதுவதற்குள் கரண்ட் போனால்? அட்டவணை ஒன்று சொல்லும், ஃபோல்டர் ஒன்று சொல்லும். பழைய விண்டோஸ் 98 காலத்தில் கம்ப்யூட்டரைச் சரியாக நிறுத்தாவிட்டால் அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் ஓடும். முழு டிஸ்க்கின் கணக்கையும் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். வீட்டில் கம்ப்யூட்டர் புதிதாக வந்த நாட்களில் அந்த நீலத் திரையில் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நினைவு பலருக்கும் இருக்கும்.

இதற்குத் தீர்வு வணிகவியல் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. கடையில் எந்த வரவு செலவும் முதலில் குறிப்பேட்டில் ஏறும், அப்புறம்தான் பேரேட்டுக்குப் போகும். பேரேட்டில் பாதியில் விட்டிருந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துவிடலாம். 1993-இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இதைத்தான் செய்கிறது. 'இந்த இடங்களில் இப்படி மாற்றப்போகிறேன்' என்று முதலில் ஒரு குறிப்பில் எழுதிவிட்டு, அப்புறம் உண்மைப் பதிவேட்டை மாற்றுகிறது. கரண்ட் போய் வந்தால் குறிப்பைப் படித்து, பாதி வேலையை முடிக்கும் அல்லது நடக்காததுபோல் விட்டுவிடும். முழு டிஸ்க்கையும் துழாவ வேண்டியதில்லை. லினக்ஸில் 2001-இல் சேர்ந்த எக்ஸ்ட்3-இலும் இதே வசதி உண்டு, இன்று பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 அதன் வாரிசு. இந்தக் குறிப்பேடு வழக்கமாகக் காப்பாற்றுவது பதிவேட்டை மட்டுமே. நீங்கள் தட்டச்சு செய்து சேமிக்காமல் விட்ட கடிதத்தை அது காப்பாற்றாது.

எஃப்ஏடி32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் இந்தக் குறிப்பேடு கிடையாது. பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினால் கெடுவது அதனால்தான். திரையில் பச்சைக் கோடு முடிந்துவிட்டது என்பதற்காக எழுதி முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வேகமாகக் காட்டுவதற்காக ஆப்பரேட்டிங் சிஸ்டம் சிலவற்றை மெமரியில் வைத்துக்கொண்டு அப்புறம் எழுதலாம். லினக்ஸில் இதை நன்றாகப் பார்க்கலாம், காப்பி முடிந்தது என்று சொன்ன பிறகும் பென் டிரைவின் விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். 'எஜெக்ட்' கொடுத்தால் மிச்சத்தை எழுதி முடித்துவிட்டு நமக்குச் சொல்லும். விண்டோஸ் 10-இன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு இப்படிச் சேர்த்து வைக்காமல் உடனே எழுதும் முறை வழக்கமாகிவிட்டது. இருந்தாலும் நான் எஜெக்ட் கொடுக்காமல் எடுப்பதில்லை.

என்டிஎஃப்எஸ் பற்றி இன்னொரு அழகான விஷயம். அதன் பதிவேட்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் வழக்கமாக 1 கேபி இடம் உண்டு. பெயர், தேதி எல்லாம் எழுதியதுபோக மீதி இடத்தில் அடங்கும் அளவுக்கு ஃபைல் சின்னதாக இருந்தால், உள்ளடக்கத்தையே பதிவேட்டில் எழுதிவிடும். தனியாக நிலமே ஒதுக்காது. நோட்பேடில் நாலு வரி எழுதிச் சேமித்து அதன் விவரத்தைப் பாருங்கள். டிஸ்க்கில் பிடிக்கும் அளவு 0 என்று காட்டும்.

காணாமல் போன 69 ஜிபி, சி டிரைவ், டி டிரைவ்

1 டிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். யாரும் திருடவில்லை. டிஸ்க் செய்பவர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள், ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி. விண்டோஸ் 1024, 1024-ஆகப் பெருக்கி ஒரு ஜிபி என்கிறது. அதே பைட்தான், படியின் அளவு வேறு. ஆப்பிள் மேக் 2009 முதல் ஆயிரம் கணக்கிலேயே காட்டுவதால் அதே டிஸ்க் அங்கே 1 டிபி என்றே தெரியும்.

சி டிரைவ் ஏன் சி-யில் தொடங்குகிறது என்றால், ஏ-யும் பி-யும் ஃபிளாப்பிகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். ஃபிளாப்பி போயும் எழுத்து அப்படியே நிற்கிறது.

சி, டி என்று இரண்டு டிரைவ் தெரிந்தால் உள்ளே இரண்டு டிஸ்க் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான், ஒரே நிலத்தை இரண்டு மனையாகப் பிரித்து இடையே வேலி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மனைக்கும் தனிப் பதிவேடு. விண்டோஸ் கெட்டு சி-யை ஃபார்மட் செய்ய நேர்ந்தால் டி தப்பிக்கும், உண்மைதான். ஆனால் 'முக்கியமானதை எல்லாம் டி-யில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். என் பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி எட்டு வருடப் படங்களை இழந்தார். காப்பி என்றால் அது வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும்.

எதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது? விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ், லினக்ஸ் என்றால் எக்ஸ்ட்4, மேக் என்றால் 2017 முதல் ஏபிஎஃப்எஸ். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, அவை தானாக அமைந்துவிடும். யோசிக்க வேண்டியது கையில் எடுத்துச் செல்பவற்றுக்குத்தான். விண்டோஸுக்கும் மேக்குக்கும் நடுவே போய் வரும் டிரைவ் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் தானாகவே என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், ஆனால் எழுதாது. பழைய டிவி, கார் ஸ்டீரியோ என்றால் எஃப்ஏடி32-ஐத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

சித்தப்பா விஷயத்தில் நான் முதலில் சொன்னது எக்ஸ்ஃபேட்தான். பென் டிரைவ் காலி என்பதால் ஃபார்மட் செய்வதில் பயம் இல்லை. வலது கிளிக், ஃபார்மட், எக்ஸ்ஃபேட், குவிக். ஒரு நிமிடத்தில் முடிந்தது. 6 ஜிபி வீடியோ மறுபேச்சில்லாமல் ஏறியது. டிவியில் செருகினால் டிவிக்குப் பென் டிரைவே தெரியவில்லை. பத்து வருடப் பழைய டிவி அது, எக்ஸ்ஃபேட் பதிவேட்டைப் படிக்க அதற்குத் தெரியாது. அன்று சாயங்காலம் திரும்பவும் எஃப்ஏடி32-க்கு மாற்றி, வீடியோவை 3 ஜிபி வீதம் இரண்டாக வெட்டிப் போட்டுக் கொடுத்தேன். முதல் பாகத்தில் முந்தின நாள் வரவேற்பு, இரண்டாவதில் முகூர்த்தம். சித்தி இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதாகச் சித்தப்பா சொன்னார்.